பார்க்க வந்தவருக்கு யார் பொறுப்பு?

(கொச்சி வில்லிங்டன் தீவில் தமிழ் அவையோர் முன் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். ஆகவே உங்களுக்குக் கைவந்த விஷயம் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். எர்ணாகுளம் வார்ஃபிலும் மட்டாஞ்சேரி வார்ஃபிலும் நிற்கும் எந்தக் கிரேனைப் பார்த்தாலும், எத்தனை டன் தூக்கலாம் என்பது அதன் மேலேயே எழுதியிருக்கும். கொக்கி, சங்கிலி, கம்பிக்கயிறு ஒவ்வொன்றையும் தகுதி பெற்ற ஒருவர் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புக்காக 1986இல் வந்த சட்டமும், 1990இல் வந்த ஒழுங்குமுறைகளும் ஊன்றிவிட்ட நடைமுறை இது. தொங்கும் சுமைக்குக் கீழே மனிதர்கள் நடமாடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு கெடுபிடி.

இதே எர்ணாகுளம் மாவட்டத்தில், கோதமங்கலத்தை அடுத்த அடிவாட்டில், 2025 ஏப்ரல் 20ஆம் தேதி இரவு, கால்பந்து இறுதி ஆட்டம் பார்க்க மக்கள் ஏறி உட்கார்ந்திருந்த தற்காலிகக் கேலரி ஆட்டம் தொடங்கும் முன்பே சரிந்தது. ஐம்பது பேருக்குக் குறையாமல் காயப்பட்டார்கள். அங்கே தொங்கிய சுமை மனிதர்கள்தான். இப்படிப்பட்ட கேலரி ஒன்றில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி வைத்த பலகையை நான் எந்த செவன்ஸ் மைதானத்திலும் பார்த்ததில்லை.

செவன்ஸ் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுவடை முடிந்த வயலிலும் பள்ளி மைதானத்திலும் விளக்கு கட்டி, இரவில் நடக்கும் எழுவர் கால்பந்து. மலப்புறத்திலும் பாலக்காட்டிலும் அது ஊர்த் திருவிழாவுக்குச் சமம். வசூலில் ஒரு பகுதி ஏதாவது நோயாளியின் சிகிச்சைக்கோ பள்ளிக் கட்டடத்துக்கோ போகும். நல்ல மனதோடு நடத்துகிறார்கள். அந்த நல்ல மனதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கேலரியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கமுகு மரத்தையும் மூங்கிலையும் நட்டு, கயிற்றால் இறுக்கி, மேலே பலகையோ பிளந்த கமுகோ வரிசையாகப் போட்டிருப்பார்கள். கட்டுபவர் அனுபவசாலி. உட்கார்ந்திருக்கும் ஆளின் எடையை, அதாவது நேர் கீழாக இறங்கும் பாரத்தை, அவர் கண்ணாலேயே கணக்குப் போட்டுவிடுவார். பந்து வலைக்குள் போகும் அந்த ஒரு நொடிதான் அவர் கணக்கில் வருவதில்லை. ஆயிரம் பேர் ஒன்றாக எழுகிறார்கள், குதிக்கிறார்கள், ஒரே பக்கம் சாய்கிறார்கள். அப்போது பாரம் கீழே மட்டும் இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. கால்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாகச் சாய்கட்டு இல்லையென்றால் மொத்தக் கேலரியும் ஒரு பக்கமாகப் படுத்துவிடும். முந்தின நாள் மழை பெய்து மண் இளகியிருந்தால் கேட்கவே வேண்டாம். நிலையான இருக்கை இல்லாத கூடுமிடங்களுக்கு, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ பாரம் வரும் என்று வைத்துக் கட்ட வேண்டும் என நம் நாட்டுப் பொறியியல் தரக்குறிப்பு சொல்கிறது. கேலரி கட்டும் இடத்தில் அந்த எண்ணைச் சொல்ல ஒரு பொறியாளர் இருப்பது அபூர்வம்.

அடிவாடு முதல் விபத்தும் அல்ல. 2020 ஜனவரியில் பாலக்காடு நூரணி மைதானத்தில் கேலரி சரிந்து ஐம்பது பேர் அளவுக்குக் காயமடைந்தார்கள். ஆடுகளத்திலேயே உயிர்விட்ட ஆட்டக்காரர் தனராஜனின் குடும்பத்துக்கு நிதி திரட்டுவதற்காக நடந்த ஆட்டம் அது. 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் காளிகாவு அருகே பூங்கோட்டில் கேலரி விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அடிபட்டார்கள். 2025 பிப்ரவரியில் அரீக்கோடு பக்கம் தெரட்டம்மலில் ஆட்டத்துக்கு முன் வெடித்த வாணம் பார்வையாளர் மேல் பாய்ந்தது. ஒவ்வொரு முறையும் அமைப்பாளர்கள் மீது வழக்கு வரும், ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறோம் என்று யாராவது சொல்வார்கள், அடுத்த பருவம் வந்துவிடும். முதுகெலும்பு முறிந்தவர் அந்த அடுத்த பருவத்திலும் படுக்கையில்தான் இருப்பார். அவர் வீட்டார் வக்கீல் அலுவலகத்துக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி, "யார் மேல கேஸ் போடுறது?" என்பதுதான். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியை.

சட்டத்தில் பழைய பதில் ஒன்று இருக்கிறது. தெரிந்தே ஆபத்தை ஏற்றவன் பிறகு வழக்காட முடியாது என்பது அது. விளையாட்டுக்கு இதைப் பொருத்திய புகழ்பெற்ற வழக்கு இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் கார்ப் பந்தயத் தளத்தில் பிறந்தது. 1930இல் இரண்டு கார்கள் மோதி, ஒன்று தடுப்பைத் தாண்டிப் பார்வையாளருக்குள் விழுந்து இருவரைக் கொன்றது. தளம் திறந்த 1907இலிருந்து ஒரு கார்கூட அப்படித் தாண்டியதில்லை, கார்ப் பந்தயம் பார்க்க வருபவருக்கு அதன் இயல்பான ஆபத்து தெரியும் என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் நடத்தியவரை விடுவித்தது. 1951இல் பிரபுக்கள் சபை தீர்த்த கிரிக்கெட் வழக்கும் ஏறக்குறைய அதே தடம்தான். மைதானத்துக்கு வெளியே தெருவில் நின்ற ஒரு பெண்மணியின் தலையில் பந்து விழுந்தது. முப்பது ஆண்டுகளில் ஆறு முறை மட்டுமே பந்து அப்படி வெளியே போயிருந்தது என்பதால் கிளப்பின் மீது கவனக்குறைவு நிரூபணமாகவில்லை.

இந்தத் தீர்ப்புகளை நம் நாட்டு அமைப்பாளர்களின் வக்கீல்கள் இன்றும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவற்றை நான் தவறு என்று சொல்லவில்லை. அவை எங்கே நிற்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். சிக்ஸர் அடித்த பந்து மாடத்துக்கு வரும் என்று ரசிகர் அறிவார், அதைப் பிடிக்க ஆசைப்பட்டே கையை நீட்டுகிறார். அந்த ஆபத்து ஆட்டத்தோடு பிறந்தது. உட்கார்ந்த பலகை முறிவதும், வாயிற்கதவு திறக்காமல் போவதும், படிக்கட்டில் கைப்பிடி இல்லாததும் எந்த ஆட்டத்தின் விதிப்புத்தகத்திலும் இல்லை. அவற்றை ஒருவர் தெரிந்து ஏற்றார் என்று சொல்ல எந்த நியாயமும் கிடையாது. அவர் காசு கொடுத்ததோ கால்கடுக்க நடந்து வந்ததோ, பலகை தாங்கும் என்று நம்பித்தான்.

தெரிந்து ஏற்ற ஆபத்துக்கும் ஏற்காத ஆபத்துக்கும் நடுவே உள்ள இந்தக் கோடு ஜல்லிக்கட்டிலேயே தெளிவாகத் தெரிகிறது. மாட்டைத் தழுவ இறங்கும் வீரர் தன் ஆபத்தை அறிந்து இறங்குகிறார். பார்க்க வந்தவர் அப்படியல்ல. அதனால்தான் 2017இல் தமிழ்நாடு வகுத்த விதிகளும் அவற்றை ஒட்டி ஆண்டுதோறும் வரும் அறிவுறுத்தல்களும் இரட்டைத் தடுப்பு வேலி, பொதுப்பணித் துறை சரிபார்த்த பார்வையாளர் மாடம், காப்பீடு என்று கேட்கின்றன. அலங்காநல்லூர், பாலமேடு போன்ற இடங்களில் வாடிவாசலை ஒட்டி இது ஓரளவு ஒழுங்காக நடக்கிறது. ஆனால் பாய்ந்து ஓடிய காளையைப் பிடித்துக் கட்டும் இடத்தில் வேலி கிடையாது, அங்கேதான் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் குத்துப்படுகிறார்கள். திறந்த திடலில் மாட்டை அவிழ்த்துவிடும் மஞ்சுவிரட்டில் வேலி என்ற பேச்சுக்கே இடமில்லை. 2024 பொங்கலையொட்டி சிவகங்கை மாவட்டம் சிராவயலில் மாடு முட்டி இறந்த இருவரில் ஒருவன் சிறுவன். 2023 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ஜல்லிக்கட்டுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். விளையாட்டு நம்முடையது என்று வாதாடி வென்ற நாம், பார்க்க வரும் சிறுவனும் நம்முடையவன் என்பதை அதே பிடிவாதத்தோடு வாதாட வேண்டும்.

இனி நம் கொச்சிக்கு வருகிறேன். கலூர் ஜவஹர்லால் நேரு பன்னாட்டு அரங்கம் 1996இல் எழுந்தது, பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையத்தின் சொத்து. 1998இல் சச்சின் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்த இடம் என்று நம்மில் பலர் பெருமையோடு சொல்வோம். 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வந்தபோது, ஃபிஃபா இந்த அரங்கில் சுமார் 29,000 பேருக்கு மேல் அனுமதிக்கவில்லை. கேலரிகளுக்குக் கீழே இயங்கிய கடைகளைத் தற்காலிகமாக மூட வைத்தது, அந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஊரில் அன்று எழுந்த பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. இத்தனை ஆயிரம் இருக்கையைச் சும்மா போடுவதா, வெளிநாட்டுக்காரன் நம்மைக் குறைத்து மதிப்பிடுகிறானா என்று. அவர்கள் எண்ணியது இருக்கையை அல்ல. தீ பிடித்தால் எத்தனை நிமிடத்தில் கடைசி ஆள் வெளியே வருவார் என்பதை. ஒரு மைதானத்தின் கொள்ளளவைத் தீர்மானிப்பது வெளியே போகும் வழிதான். இங்கிலாந்தின் மைதானப் பாதுகாப்புக் கையேடு வழக்கமான வெளியேற்றத்துக்கே எட்டு நிமிடம்தான் தருகிறது. அந்த உலகக் கோப்பை முடிந்தது. கணக்குப் போட்டவர்கள் விமானம் ஏறியதோடு அந்தக் கணக்கும் போய்விட்டதோ என்பது என் கவலை.

ஏனென்றால் அதே அரங்கில் 2024 டிசம்பர் 29ஆம் தேதி நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கின்னஸ் சாதனைக்காகப் பன்னிரண்டாயிரம் பேர் அளவில் பரதநாட்டியம் ஆடிய நிகழ்ச்சி. விருந்தினர் மாடத்தின் மேல் எழுப்பிய தற்காலிக மேடையின் விளிம்பிலிருந்து திருக்காக்கரை சட்டமன்ற உறுப்பினர் உமா தாமஸ் பதினைந்தடி போலக் கீழே விழுந்தார். தலையிலும் நுரையீரலிலும் பலத்த காயம், பிப்ரவரி பாதிவரை மருத்துவமனை. மேடை விளிம்பில் இருந்தது உறுதியான கைப்பிடிக் கம்பி அல்ல. வரிசையில் நிற்க வைக்கக் கட்டுவோமே, அந்த நாடா. நடக்கும் இடமும் குறுகல். ஒரு தடுப்புக் கம்பி எத்தனை ரூபாய் ஆகும் என்று இங்குள்ள எந்த வெல்டரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அன்று அங்கே அமைச்சர் இருந்தார், காவல் துறை உயர் அதிகாரிகள் இருந்தார்கள். அவ்வளவு பெரியவர்கள் கூடிய மாடத்திலேயே நிலைமை அதுவென்றால், மேல் வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவரின் கதி என்ன?

பெங்களூரை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2025 ஜூன் 4ஆம் தேதி, பதினெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு கிரிக்கெட் கோப்பை வென்ற பெங்களூர் அணியின் கொண்டாட்டம். சின்னசாமி அரங்கில் சுமார் 35,000 பேர்தான் உட்கார முடியும். சமூக ஊடகத்தில் அழைப்பு போனது, இலவச அனுமதி என்ற செய்தி பரவியது, லட்சக்கணக்கில் மக்கள் வந்தார்கள். மூடிய வாயில்களின் முன்னே நெரிந்து பதினோரு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். நெரிசலில் சாவு எப்படி வருகிறது என்பதை நாம் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறோம். மிதிபட்டுச் சாவது குறைவு. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் யாராலும் தன் காலைத் தன் விருப்பப்படி வைக்க முடியாது. கூட்டம் முழுதும் அலையாக அசையும். நெஞ்சுக்கூடு விரிய இடமின்றி, நின்ற நிலையிலேயே மூச்சு நின்றுபோகும். பின்னால் தள்ளுபவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. ஆகவே 'கூட்டம் கட்டுப்பாடில்லாமல் நடந்துகொண்டது' என்ற வாக்கியத்தை யார் சொன்னாலும், அதிகாரி சொன்னாலும் கிளப் சொன்னாலும், நான் ஏற்பதில்லை. இங்கிலாந்தில் 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல் 97 உயிர்களைக் கொண்டுபோனபோதும் ரசிகர்கள்மேல்தான் பழி போட்டார்கள். அந்தப் பழியைத் துடைத்து, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை மன்றம் சொல்ல 2016 ஆனது. தாய்மார்கள் இருபத்தேழு ஆண்டு வழக்காடினார்கள்.

பெங்களூர் நெரிசலுக்குப் பிறகு அரசு ஒரு நீதிபதி ஆணையம் அமைத்தது, காவல் துறை அதிகாரிகளை இடைநீக்கம் செய்தது, அதை எதிர்த்து வந்த வழக்கில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் கூட்டம் கூடியதற்கு அணி நிர்வாகமே முதல் நோக்கில் பொறுப்பு என்றது. இறந்தவர் குடும்பங்களுக்கு முதலில் பத்து லட்சம் அறிவித்த மாநில அரசு பிறகு அதை இருபத்தைந்து லட்சமாக உயர்த்தியது. ஆறுதல் தொகை அது. கொடுப்பவர் மனம் வைத்தால் கூடும், செய்தி ஓய்ந்தால் குறையும். காயம்பட்டவரின் வயது, சம்பளம், அவரை நம்பியிருப்பவர்கள், இனி வாழ்நாள் முழுக்க ஆகும் மருத்துவம் இவற்றையெல்லாம் கணக்கிட்டு, கேட்கும் உரிமையோடு பெறுவது இழப்பீடு. பார்வையாளருக்கு அந்த உரிமையை நேராகத் தரும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

இருக்கும் சட்டங்களை ஒட்டவைத்துத்தான் வக்கீல்கள் நாங்கள் வழக்காடுகிறோம். இறந்தவர் குடும்பத்துக்கு 1855ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு, சிவில் நீதிமன்றத்தில் பல ஆண்டு இழுக்கும். டிக்கெட் வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தந்தை வாங்கிய டிக்கெட்டில் உள்ளே வந்த பிள்ளைக்கும் அந்த வாசல் திறக்கும். ஆனால் இலவசமாகத் தரும் சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. இந்த ஓட்டை சாதாரணமானதல்ல. பெங்களூரில் கூட்டத்தை இழுத்ததே இலவச அனுமதி. 2024 அக்டோபர் 6ஆம் தேதி சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகசத்தைப் பார்க்க வந்து வெயிலில் ஐந்து பேர் இறந்தார்களே, அவர்களிடமும் டிக்கெட் இல்லை. காசு வாங்காமல் அழைத்தவருக்குக் கடமை குறையும் என்ற எண்ணமே தவறு. இலவச நிகழ்ச்சியில்தான் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ண வழியில்லை, ஆகவே கவனம் அங்கே இரட்டிப்பாக வேண்டும்.

உச்ச நீதிமன்றம் இரண்டு முறை இந்தப் பாதையில் நடந்திருக்கிறது, இரண்டும் விளையாட்டு வழக்கல்ல. 1997இல் டெல்லி உபஹார் திரையரங்கில் தீயில் 59 பேர் இறந்தார்கள். 2011 தீர்ப்பில் நீதிமன்றம் அரங்க உரிமையாளர் மீது 85 விழுக்காடும் மின்வாரியத்தின் மீது 15 விழுக்காடும் சுமத்தியது. உரிமம் கொடுத்த காவல் துறையையும் மாநகராட்சியையும் இழப்பீட்டிலிருந்து விடுவித்தது. கெட்ட எண்ணம் இல்லாமல் கடமையில் தவறிய அதிகாரியைப் பணம் கட்டச் சொன்னால் எந்த அதிகாரியும் வேலை செய்ய மாட்டார் என்பது அதன் கவலை. 2022இல் மீரட் கண்காட்சித் தீ வழக்கு வந்தது. 2006இல் 65 உயிர்களைக் குடித்த தீ அது. கொட்டகை போட்டது ஒப்பந்தக்காரர், எங்களுக்கு என்ன தொடர்பு என்றார்கள் அமைப்பாளர்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அமைப்பாளர் 60, மாநில அரசு 40 என்று பொறுப்பைப் பிரித்தது. என் மனம் மீரட்டின் பக்கம்தான். கேலரி கட்டிய கமுகுக்காரரைக் காட்டிவிட்டு கமிட்டி நழுவ அந்தத் தீர்ப்பு இடம் தராது, பார்க்காமல் கையெழுத்திட்ட அலுவலகத்தையும் வெளியே விடாது. கையெழுத்துக்கு விலை உண்டு என்று தெரிந்தால்தான் கையெழுத்திடுபவர் மைதானத்துக்கு வந்து பலகையை ஆட்டிப் பார்ப்பார்.

தாள் மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸில் 1971இல் 66 பேர் படிக்கட்டில் நெரிந்து இறந்த பிறகு பிரிட்டன் 1975இல் மைதானப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது, சான்றிதழைக் கட்டாயமாக்கியது. 1985இல் தீயில் 56 பேரைப் பலிகொண்ட பிராட்ஃபோர்ட் மைதானம் கீழ்ப்பிரிவு அணியுடையது என்பதால் அந்தச் சட்டத்தின் கீழேயே வரவில்லை. ஹில்ஸ்பரோவிடம் சான்றிதழ் இருந்தது, 1979இல் கொடுத்தது, பிறகு யாரும் திருத்தவில்லை. நம் பக்கத்தில் சட்டத்தைப் பிடிவாதமாகப் பார்த்த ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். சேப்பாக்கம் அரங்கில் புதிதாகக் கட்டிய ஐ, ஜே, கே மாடங்கள் உரிய அனுமதி இல்லாததால் 2012இலிருந்து பல ஆண்டு பூட்டிக் கிடந்தன. நிறைந்த அரங்கில் மூன்று மாடம் மட்டும் காலியாக இருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்து ரசிகர்கள் திட்டினார்கள். டிக்கெட் பணம் போனாலும் பூட்டு திறக்கவில்லை. அதை நான் பாராட்டுகிறேன். கல்கத்தாவில் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் 16 ரசிகர்கள் இறந்ததை அந்த நகரம் இன்றும் ரத்ததானம் செய்து நினைக்கிறது. அது உயர்ந்த வழக்கம். மாடத்தை நேரத்தில் பூட்டுவதும் அதே அளவு உயர்ந்தது என்பேன்.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. சாலை விபத்தில் இறந்தவர் குடும்பம், ஓட்டியவர் மேல் தவறு நிரூபிக்காமலே ஐந்து லட்சமும், படுகாயம் பட்டவர் இரண்டரை லட்சமும் பெற மோட்டார் வாகனச் சட்டத்தில் 164ஆம் பிரிவு இருக்கிறது. போபாலுக்குப் பிறகு 1991இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் ஆபத்தான வேதிப்பொருளைக் கையாளும் ஆலைக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அந்த இரண்டுக்கும் நடுவே கூட்டம் கூட்டுபவருக்கும் ஓர் இடம் தரலாம். கூட்டத்தை அழைத்தவர் காப்பீடு எடுக்க வேண்டும், விபத்து நடந்தால் தவறு யாருடையது என்ற வழக்கு பிறகு நடக்கட்டும், முதல் தொகை ஒரு மாதத்துக்குள் வீட்டுக்கு வர வேண்டும். சின்ன கிளப்புகளால் தாங்க முடியாது என்பார்கள். வெளியூர் ஆட்டக்காரர்களை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டிவரும் கமிட்டி, வாணத்துக்குப் பணம் ஒதுக்கும் கமிட்டி, பார்க்க வந்தவரின் உயிருக்கு ஒரு பிரீமியம் கட்ட முடியாது என்றால் அந்தப் போட்டி நடக்காமலிருப்பதே ஊருக்கு நல்லது. இதைக் கால்பந்தை நேசிப்பவனாகவே சொல்கிறேன்.

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கேரளத்தில் பொதுமக்கள் கூடும் கேளிக்கை இடங்களுக்கு உள்ளாட்சி அமைப்பு உரிமம் வழங்க 1963இலேயே சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அதன் மூத்த சட்டம் 1888ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பிறந்தது. உரிமத்தோடு நிபந்தனை விதிக்கும் அதிகாரம் ஊராட்சிச் செயலர் கையிலேயே இருக்கிறது. மழை ஓய்ந்து நவம்பரில் செவன்ஸ் பருவம் தொடங்கும்போது மனுக்கள் வரும். ஒவ்வொரு மனுவோடும் கேலரியை நேரில் பார்த்த பொறியாளரின் சான்று, நடப்புக் காப்பீட்டின் நகல், எத்தனை வாயில்கள், அவற்றுக்கு ஏற்ப எத்தனை டிக்கெட் என்ற கணக்கு, இவற்றைக் கேட்டு வாங்கச் சொல்லி உங்கள் வார்டு உறுப்பினரிடம் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். அந்த மனுவைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுத உதவி வேண்டுபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்.